முற்றத்தின் ஓரம்

தஞ்சைப் பெரிய கோயில். இராசராசன் திருவாயிலைத் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டாள். எதிரே நந்தி மண்டபம், பின்னால் விமானம், சுற்றிலும் வெறும் கல்தரை. கூட்டமே இல்லை. "நீ போய்ட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்" என்றாள். என் முழங்கையைப் பற்றியிருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

அக்காவுக்கு இந்தப் பயம் முதலில் வந்தது ஜவுளிக்கடையில், தீபாவளிக் கூட்டத்தில், பில் போடும் வரிசையில். நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, செத்துவிடுவோம் என்று தோன்றியதாம். ஈசிஜியில் குறையில்லை. அதன்பின் அந்தக் கடை வேண்டாமென்றாள். பிறகு பேருந்து வேண்டாம். பிறகு தெருமுனை. "எல்லாம் மனப்பிரமை" என்றோம். நானும் சொன்னேன். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

மரத்துப்போன கை பிரமையல்ல. பயத்தில் மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல்நுனி குறுகுறுக்கிறது, தலை லேசாகிறது. அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கிவிடும். இறங்குவதற்குள் அக்கா வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். வீடுதான் காப்பாற்றியது என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

1871இல் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார். நகரச் சதுக்கங்களைக் கடக்க முடியாதவர்கள். கிரேக்க நகரங்களின் பொதுச் சதுக்கமான அகோராவை வைத்து 'அகோரஃபோபியா' என்று பெயரிட்டார். தெரு வெறிச்சோடி, கடைகள் அடைத்துக் கிடக்கும்போது அவர்களுக்குப் பயம் கூடியது. யாராவது உடன் வந்தால், ஏன், கையில் ஒரு தடி இருந்தால்கூடத் தணிந்தது. இதைப் படித்தபோதுதான் அக்கா எப்போதும் குடையோடு கிளம்புவது எனக்குப் புரிந்தது, மழையே இல்லாத மாதங்களிலும்.

அகோரஃபோபியாவைத் திறந்தவெளி அச்சம் என்றால் பாதிதான் சொன்னதாகும். வெட்டவெளி, நெரிசல், பேருந்து, வரிசை எல்லாம் அதில் அடக்கம். இடம் பயமுறுத்துவதில்லை. அங்கே அந்த அலை வந்தால் சட்டென்று வெளியேற முடியாதே, விழுந்தால் தூக்க ஆளில்லையே என்பதுதான். இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பயம் மெய்யாகிவிடும். விட்டுவிட்டாலோ உலகம் வாசற்படியோடு சுருங்கும்.

"ஓரமாவே போலாமாக்கா?"

சேனாபதி கிருஷ்ணன் இராமன் எடுப்பித்த திருச்சுற்று மாளிகை முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. அதை ஒட்டியே நடந்தோம், தூண் தூணாக. தெற்கில் இரண்டு முறை நின்றாள். "வருது" என்றாள். வரட்டும் என்று நானும் நின்றேன். மணி பார்க்கவில்லை. மேற்குச் சுற்றில் வரிசையாக லிங்கங்கள், பேச்சில்லாமல் கடந்தோம்.

வடக்கில் விமானத்துக்குப் பக்கத்தில் சண்டிகேசுவரர் சன்னதி. மாளிகையிலிருந்து அதுவரை திறந்த கல்தரைதான். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, கால் எடுத்து வைத்தாள்.

சன்னதி முன்னால் எல்லோரும் செய்வதுபோல மெதுவாகக் கைதட்டினாள். தட்டுவதற்காக என் முழங்கையை விட்டாள்.