ஓரிரவுத் தங்கலின் விலை

அந்தி சாய்ந்த பின் வழிப்போக்கன் ஒருவன் தலை சாய்க்க ஓரிடம் தேடுகிறான். அவ்விடத்திற்கு விலை கூறுவது அறமாகுமா? பார்வைக்கு இது சிறிய கேள்வி. ஆயினும் மலையகத்து மக்களாகிய நாம் இதனைச் சிறிதென ஒதுக்கிவிட இயலாது. நம் வரலாறே வழித்தங்கல்களில் தொடங்கியதன்றோ!

ஏப்பிரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவின் தெருக்கள் வாகனங்களால் நிறைந்துவிடுகின்றன. டிசம்பர் முழுநிலவு முதல் மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், ஹட்டனைக் கடந்து நல்லதண்ணியிலும் வண்டிகள் வந்து குவிகின்றன. வண்டிக்குள்ளேயே உறங்கி எழுவோரும் அவர்களுள் உளர். நிறுத்துமிடத்திற்குக் கட்டணம் கேட்டவுடன் வழக்கு மூள்கிறது. “வீதி பொதுச் சொத்து, நிற்பதற்கு எதற்குப் பணம்?” என்பர் ஒரு சாரார். “நீங்கள் போட்டுச் செல்லும் குப்பையை அள்ளுவது யார்? கழிப்பிடத்தைக் கழுவுவது யார்?” என்பர் மறு சாரார். இப்பின்னைய வினாவை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. குப்பையை அள்ளுகின்றவனும் உழைப்பாளியே. அவனுக்குக் கூலி வேண்டும்.

முன்னோர் காலத்தில் இத்தகைய கட்டணம் ஏது என்று சிலர் பெருமூச்செறிவர். உண்மைதான். தமிழகத்துப் பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கட்டப்பட்ட தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலம் சிங்கள ஊர்களின் வழித்தங்கல் மரபுக்குச் சான்று பகர்கின்றது. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை வகுப்பில் பயிற்றுவிக்கும் நாம், இம்மரபை எண்ணிப் பெருமை கொள்வது இயல்பே. ஆனால் சத்திரத்துக் கதவு எல்லோர்க்கும் ஒன்றுபோல் திறந்ததா? சாதி பார்த்துச் சோறிட்ட சத்திரங்கள் பல இருந்தன. அறக்கட்டளை நிலத்தை உழுதவனே அச்சத்திரத்துள் நுழைய முடியாத கொடுமையும் இருந்தது. காசு கேளாத இடமெல்லாம் கருணையுள்ள இடம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

இதற்கு நம் மக்களின் பயணத்தினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை சுமார் 150 மைல், பெரும்பகுதி காடு. அதிகாரிகளும் துரைமாரும் பயணத்தில் இளைப்பாற நாட்டில் வாடிவீடுகள் இருந்தன. அங்கே கட்டணம் உண்டு, கட்டிலும் உண்டு. நடந்து வந்த ஏழைகளுக்கோ மரத்தடியும் ஓலைக் கொட்டகையுமே கிடைத்தன. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் எத்தனை ஆயிரவர்!

அவ்வழியில் எவரும் அவர்களிடம் காசு கேட்கவில்லை. செலவைக் கங்காணி பார்த்துக்கொண்டார். தோட்டத்தை அடைந்த பின்னரே, வழிச்செலவு முழுவதும் தம் பெயரில் கடனாக ஏறியிருப்பதை அவர்கள் அறிந்தனர். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித் தரும் ‘துண்டு’ இன்றி, வேறு தோட்டத்திற்குச் செல்வதும் அரிதாயிற்று. இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல். வாடிவீட்டில் தங்கிய துரை காலையில் காசைக் கொடுத்துவிட்டுக் குதிரையேறினார். இலவசமாகத் தங்கியவனோ வாழ்நாளெல்லாம் அவ்விரவுகளுக்கு விலை செலுத்தினான்.

வந்து சேர்ந்த இடத்தில் கிடைத்த லயக் காம்பராவின் கதையும் அதுவே. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அறை. வாடகை கிடையாது என்றனர். ஆனால் வேலையை விட்டவன் காம்பராவையும் விட வேண்டும். அங்கேயே பிறந்து, அங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டு, அங்கேயே கண் மூடியவனுக்கும் அது வழித்தங்கலாகவே இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டையே அவனுக்கு வழித்தங்கல் ஆக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. காணியுரிமைக் கோரிக்கையோ இன்னும் முற்றாக நிறைவேறியபாடில்லை.

ஆகவே, காசு வாங்குவதா வாங்காதிருப்பதா என்பதைக் கொண்டு மட்டும் அறத்தை அளந்துவிட முடியாது. விடிந்ததும் தங்கியவன் தலைநிமிர்ந்து, எவருக்கும் அடிமைப்படாமல் புறப்பட முடிகின்றதா? இதுவே உரைகல். பலகையில் எழுதிவைத்த கட்டணத்தை நாம் வாசிக்கலாம், வாதிடலாம், மறுத்து வேறிடம் செல்லலாம். பேரேட்டில் ஒளிந்திருக்கும் கட்டணத்தோடு எவன் வாதிட முடியும்?

அங்ஙனமாயின் பலகை எழுதிய பின் எவ்வளவும் வாங்கலாமா என்று கேட்கலாம். கூடாது. பெற்ற பணத்திற்குத் தண்ணீரும் விளக்கும் துப்புரவும் காவலும் கிடைக்க வேண்டும். அதற்குச் சீட்டும் வேண்டும். இருள் சூழ்ந்துவிட்டது, மழை பிடித்துவிட்டது, இனி இவன் எங்கே போவான் என்று கணக்கிட்டு ஏற்றும் தொகை, கட்டணம் என்னும் பெயர் பூண்ட கொள்ளையே. வண்டிக்குக் கட்டணம் வாங்கலாம், களைப்புக்கு வாங்கலாகாது. கால்நடையாய் வரும் ஏழைக்கு ஒரு கூரையும் குடிநீரும் ஊரின் பொதுப் பொறுப்பு. வண்டியில் வருவோர் தரும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் பயன்படுமாயின், அக்கட்டணமே புதியதோர் அம்பலமாகிவிடும். பயணிகள் விடுதியில் உறங்க, அவர்களை ஏற்றிவந்த சாரதி வளைந்த முதுகோடு ஆசனத்தில் குளிரில் உறங்கும் காட்சியும் நம் மலைநகரங்களிலிருந்து மறைய வேண்டும்.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நெடுநடை நடந்தது. பழைய பாதையில் மீண்டும் நடந்தோரை வழியூர்களில் பல இனத்து மக்களும் வரவேற்றனர். முன்னோர்க்கு மறுக்கப்பட்டது எதுவென்று அவ்வரவேற்பே சொல்லாமற் சொல்லிற்று. அந்நியன் ஒருவனை ஓரிரவு தங்க வைக்கும் முறையில் ஒரு சமுதாயத்தின் தரம் தெரியும். உழைத்தவனை 200 ஆண்டுகள் தங்க வைத்தும் நிலத்தில் பங்கு தர மறுக்கும் முறையிலும் அது தெரியவே செய்கிறது. முன்னதைச் சீர்செய்யும் ஊர் பின்னதையும் சீர்செய்யத் துணிய வேண்டும்.