சொல்லுக்குச் சாட்சி யார்?

அகராதி என்பது யாருடைய உடைமை? கற்றோர் கூடி, "இது சொல், இது சொல்லன்று" எனத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றமா அது? அன்றி, பேசுவோர் யாவரும் வந்து, "எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்லுகிறோம்" எனச் சாட்சி கூறும் ஊர்ச்சாவடியா? இக்கேள்வி இலக்கணப் புலவர்களுக்கு மட்டும் உரியதென்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. யாருடைய பேச்சு மதிக்கத்தக்கது என்பது, யார் மதிக்கத்தக்கவர் என்பதன் மறுபக்கமேயாகும். ஆதலின் இது நீதியைச் சார்ந்த விஷயம்.

பல கைகள் கூடி அகராதி செய்யும் முறை புதியதன்று. 1879-ல் ஜேம்ஸ் மர்ரே என்னும் அறிஞர், ஆங்கிலம் அறிந்த பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் தாம் படித்த நூல்களிலிருந்து சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி அனுப்பினர். 1928-ல் ஆக்ஸ்போர்டு அகராதி முற்றுப்பெற்றது. நமது மொழியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை நமக்கு அளித்தது. இவ்விரண்டும் போற்றத்தக்க பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆக்ஸ்போர்டுக்குத் துண்டுத் தாள் அனுப்பியவர், அச்சிட்ட நூலையே பெரும்பாலும் சான்றாகக் கொண்டார். எழுத்தறியாதவனின் நாவுக்கு அங்கே இடம் குறைவு.

இன்று அந்நிலை மாறியிருக்கிறது. 2004-ல் தொடங்கிய தமிழ் விக்சனரியில் எவரும் சொல் சேர்க்கலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். யார், எந்நாளில், எதை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகிறது. 'லிவிங் டிக்சனரீஸ்' என்னும் இணையக் கருவி, எழுத்தோடு பேசுவோரின் குரலையும் படத்தையும் சேர்த்து வைக்கிறது. எஸ்.ஐ.எல். என்னும் மொழியாய்வு நிறுவனம் வகுத்த முறையோ, உடல், உணவு, உழவு, உறவு என ஏறத்தாழ 1,800 தலைப்புகளை வைத்துக்கொண்டு, கிராம மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து, "இதற்கு உங்கள் சொற்கள் யாவை?" என வினவுகிறது. இங்கே கேட்பவர் மாணவர், பேசுபவரே ஆசிரியர்! ஆங்கில விக்சனரியில் மற்றொரு விதியும் உண்டு. ஏராளமாக எழுதப்பட்ட மொழியின் சொல்லுக்கு மூன்று சான்றுகள் வேண்டும். எழுத்துச் சான்று குறைந்த மொழிக்கு ஒன்றே போதும். வறியவனிடம் செல்வனுக்குரிய வரியைக் கேட்பது முறையன்று என்ற நியாயம் இவ்விதியில் இருக்கிறது.

நிற்க. "தமிழ் சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளுள் ஒன்று, அதற்கு இக்கவலை ஏன்?" எனச் சிலர் கேட்கலாம். மலாக்காவில் போர்த்துகீசியர் வருகையால் பிறந்த கிறிஸ்தாங் மொழிக்கன்றோ இது வேண்டும் என்பர். உண்மை, அம்மொழிக்கு 2004-ல் அகராதிகள் அச்சாயின, 2016 முதல் 'கோட்ரா கிறிஸ்தாங்' இயக்கத்தார் இந்நகரில் அதைக் கற்பித்து உயிர்ப்பிக்க முயன்றனர். ஆனால் ஒரு பெருமொழிக்குள்ளேயே ஏட்டில் ஏறாத பேச்சு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

1877-ல் ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்பார் இங்குள்ள பூந்தோட்டத்தில் ஆராய்ந்து கண்டார். அவர் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அம்மரங்களை விடியுமுன் சீவிய நம் மக்களோ, கித்தா, பால்மரம், ஒட்டுப்பால், தீம்பார், பெரட்டு எனத் தம் வாழ்வுக்குத் தாமே ஒரு சொற்கோவை செய்துகொண்டனர். பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயரைப் புத்தகத்தில் பதிவது எம்போன்ற கிராணிகளின் தொழில். பெயரும் நாட்கணக்கும் எழுதினோம். சொற்களை எழுதுமாறு எவரும் கேட்டதில்லை. சிங்கப்பூரில் ரப்பர்த் தோட்டங்கள் மறைந்துவிட்டன. மலேசியாவில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. தொழில் போனபின் சொல் எத்தனை நாள் தங்கும்?

"இவை கலப்புச் சொற்கள், ஏற்றினால் தமிழ் மாசுபடும்" என்பது ஓர் ஆட்சேபம். கித்தா மலாயிலிருந்தும் பெரட்டு ஆங்கிலத்திலிருந்தும் வந்தவைதாம். ஆனால் சாவியும் அலமாரியும் சன்னலும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவையல்லவா? மாளிகையில் புழங்கினால் தமிழ், லயத்தில் புழங்கினால் மாசு என்பது மொழிப்பற்றாகாது. ஜாதிப் புத்தி சொல்லிலும் புகுந்ததேயாகும்.

"எவரும் எழுதலாமெனில் பிழை மலியுமே" என்பது இரண்டாவது. இது தள்ளத்தக்கதன்று. சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா என்னும் பெயரைத் தேக்கு மரத்தோடு இணைத்து ஒருவர் எழுதிவிடக்கூடும். அதுவோ சிறு மூங்கில்களின் அடிப்புறம் என்னும் பொருளுடைய ஹொக்கியன் தொடரின் சிதைவு. ஆதலால் கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது; உள்ளே வருவோன் சாட்சிக்குரிய ஒழுக்கத்தோடு வரவேண்டும். கேட்டது வேறு, ஊகித்தது வேறு எனப் பிரித்தெழுதுதலே அவ்வொழுக்கம்.

மூன்றாவது, மானத்தைப் பற்றியது. கிளிங் தெரு என்றிருந்த பெயர் 1922-ல் சூலியா தெரு என மாற்றப்பட்டது. இந்தியர்களை இழிவாகச் சுட்டும் பெயரைத் தெருப்பலகையிலிருந்து அகற்றியது நேர்மையான செயல். அவ்வாறே அகராதியிலிருந்தும் அச்சொல்லை அகற்றலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். பலகை மரியாதை செய்வது. அகராதி சாட்சி சொல்வது. கூலி என நம்மை அழைத்த வாயை அகராதி மறைத்தால், நாம் பட்ட அவமானத்துக்குரிய சான்றும் மறையும். இழிசொல்லை இழிசொல் என்றே குறித்து எழுதுவதுதான் முறை.

தோழர்களே! தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியோர் தேக்காவின் அடுக்குமாடி வீடுகளிலும் ஜொகூரின் தோட்டங்களிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லைக் கேளுங்கள். அனுமதி பெற்றுக் குரலைப் பதியுங்கள். எந்த ஊர், எந்தத் தொழில், எந்தப் பொருள் என எழுதுங்கள். திருத்தி அழகுபடுத்த வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக மட்டும் பதிவானவர்கள், அகராதியிலேனும் பேசும் மனிதராக இடம்பெறட்டும்.