யாரிடம் எந்தக் கேள்வி?

நம் இயக்கத்தில் வீட்டு விசாரணைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தவறு செய்தவன் நான்தான்.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. மனைவியை இழந்த லாரி ஓட்டுநர், இரண்டு பிள்ளைகள். பள்ளிச் செலவுக்கு உதவி கேட்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா என்னை நிறுத்தி, "பொம்பளை இல்லாத வீடு தம்பி, பிள்ளைங்கள இல்லத்துல சேர்த்துடச் சொல்லுங்க" என்றார். நானும் அப்படியே எழுதினேன். வீடு சுத்தமாக இருந்தது, சோறு மூடி வைத்திருந்தது, பெரியவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் எழுதவில்லை.

அதே வாரம், இரண்டு மாடி கீழே ஒரு தாய். மாலையில் துப்புரவு வேலைக்குப் போய் நள்ளிரவில் திரும்புபவர், மூன்று பிள்ளைகள். அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. "வீட்டுக்காரர் ஏன் விட்டுட்டுப் போனாரு?" என்று மட்டும் கேட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த பயிற்சியில் ஓர் அக்கா இரண்டு அறிக்கைகளையும் பெயரை மறைத்துப் படித்தார். "இதுல அப்பா யாரு, அம்மா யாரு? கேள்விய வெச்சே சொல்லுங்க." எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். குடும்பச் சண்டை என்று வந்தால் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "நாங்க நடுநிலை, ரெண்டு பேரும் பேசுங்க" என்கிறோம். அடித்தவர் முன்னால் அடி வாங்கியவர் என்ன பேசுவார்? அதே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்! அந்த நடுநிலை அடித்தவருக்கே உதவுகிறது. இந்த நாட்டில் 1982-இல் பெண்களுக்கான முதல் பாதுகாப்பு இல்லம் திறந்தது. 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. 2017 திருத்தத்துக்குப் பின், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், நீதிமன்றம் வரை போகக் காத்திருக்க வேண்டாம். சட்டம் அடி வாங்கும் கணவரையும் காக்கிறது. அவர் வந்து சொன்னால் நாம் சிரிக்காமல் கேட்போமா என்பது வேறு கதை.

ஆகவே என் கணக்கு இது: சோறு, பள்ளி, பிள்ளை வளர்ப்பு பற்றிய கேள்வி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பயம் பற்றிய கேள்வியைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். (மேடையில் அர்த்தநாரீசுவரரைப் பற்றிப் பேசாத பேச்சாளர் நம்மிடம் இல்லை; வேலைப் பட்டியல் போட்டால் தங்கைகளுக்குத் தேநீர், தம்பிகளுக்கு லாரி.)

மறுபடி கிள்ளானுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?" என்றார்.

"இல்லண்ணே. நீங்க வர நேரமானா பிள்ளைங்க எங்க இருப்பாங்கன்னு கேக்க வந்தேன்."

கீழே போய் அந்த அக்காவிடமும் அதையே கேட்டேன். இருவருக்கும் தேவைப்பட்டது மாலையில் பிள்ளைகள் இருக்க ஓர் இடம். நம் தேவார வகுப்பறை ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது.