சின்ன வளையம்

பழைய மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ. காரில் மூன்று சிலிண்டர், பெட்ரோலைத் தெளிக்க மூன்று இன்ஜெக்டர். ஸ்பார்க் பிளக் மாற்றியும் வண்டி ஐடிலில் திணறினால் சந்தேகம் இன்ஜெக்டர்களின் மேல் விழும். வீட்டு வாசலிலேயே மாற்றலாம், நான் மாற்றியிருக்கிறேன்.

அன்று என் கவனமெல்லாம் இன்ஜெக்டரின் மேல்முனையில் இருக்கும் ஒரு ரப்பர் வளையத்தின் மீதுதான். மெக்கானிக்குகள் ஓ-ரிங் என்பார்கள். கழற்றிய பழைய வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். நெகிழ்வே இல்லை, காய்ந்த புளியங்கொட்டைத் தோல்போல் நொறுங்கியது. இத்தனை நாளும் பெட்ரோலின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது இதுதானா என்று மனம் பதறியது. புது இன்ஜெக்டருக்குப் பழைய வளையம் கூடவே கூடாது. புதியதில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, நேராக, மெல்ல அழுத்தினால் தானே உட்காரும். வறட்சியாகத் திணித்தால் ஓரம் கிழியும். கிழிந்த இடத்தில் பெட்ரோல் கசியும். பக்கத்திலேயே சூடான இன்ஜின்.

தொடங்கும் முன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். குழாயில் அழுத்தம் இறங்கும். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அக்கம்பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

எல்லாம் பூட்டி, ஃபியூஸையும் பேட்டரி ஒயரையும் திரும்பப் போட்டதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேல் வளையத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.