ஒரு நாளில் கயிலை வலம்

கயிலையைச் சுற்றும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டார்சென் என்ற ஊரில் தொடங்கி, 5,600 மீட்டரைத் தாண்டும் டோல்மா கணவாயில் ஏறி இறங்கவேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள். திபெத்தியர் பலர் விடியுமுன் கிளம்பி அன்றிரவுக்குள் முடித்துவிடுகிறார்கள். பட்ட பாட்டுக்குத் தக்கபடி புண்ணியம் ஏறுமா? ஏறாது என்பதே என் கட்சி. ஒரே நாளில் சுற்றுவதுதான் உயர்ந்த பக்தி என்றால், அதே பாதையில் விழுந்து கும்பிட்டபடியே போகிறவரை எங்கே வைப்பது? கையில் மரக்கட்டையை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். விரல்நுனி தொட்ட இடம்வரை நடந்து மறுபடி விழுகிறார். அவருக்கு ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். திபெத்தின் போன் (Bön) சமயத்தாரோ இதே மலையை இடமாகச் சுற்றுகிறார்கள். வேகத்துக்கும் திசைக்கும் அங்கே ஒரே விதி கிடையாது. ஆனால் கணவாய்க்கு ஏறும் வழியில் ஒரு பழைய சட்டையையோ ஒரு கற்றை முடியையோ விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. பழைய பிறவி அங்கே கழிந்து, இறங்கும்போது புதிதாகப் பிறப்பதாக நம்பிக்கை. கால்வலி அந்தப் பழைய பிறவியின் பிடியைத் தளர்த்த உதவலாம். அதற்கு மேல் வலிக்கு வேலை இல்லை.

உடலை வதைக்கும் தவத்தைப் புத்தரே கைவிட்டாரே, அவர் வழி வந்தவர்கள் இப்படி நடக்கலாமா என்று கேட்கலாம். வதை என்பது வலியைத் தேடிப் போவது. திபெத்தியக் குடியானவர் அதைத் தேடுவதில்லை. மடியில் வறுத்த பார்லி மாவு இருக்கிறது, வழியில் வெண்ணெய்த் தேநீர் கிடைக்கிறது, களைத்தால் உட்கார்ந்துகொள்கிறார். அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்த நுரையீரலுக்கு ஒரு நாள் என்பது பெரும்பாலும் சௌகரியக் கணக்கு. இரவுத் தங்கல் மிச்சம். சமவெளிக்காரர் அதையே போட்டிக்குச் செய்தால்தான் அது புத்தர் விலக்கிய பக்கம் சாய்கிறது. (கைக்கடிகாரம் காலடியை எண்ணித் தரும்; வேறெதையும் எண்ணாது.) மூச்சுத் திணறல் பக்தியைப் பார்த்து விலகிப் போவதுமில்லை.

அப்படியானால் ஹெலிகாப்டரில் பார்த்துவிட்டு வந்தால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய அப்பர் சரித்திரத்தைத்தான் நாடவேண்டும். கயிலைக்குப் புறப்பட்ட அந்த முதியவருக்குப் பாதம் தேய்ந்தது, கை தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார், பிறகு உருண்டார். முனிவர் வேடத்தில் வந்த சிவன் திரும்பிப் போகச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொல்கிறார்; எழுந்த இடம் காவிரிக்கரைத் திருவையாறு. உருண்டதற்குக் கூலி என்றால் இமயத்திலேயே காட்சி கொடுத்திருக்கலாம். உருண்டது வீண் என்றால் தொடக்கத்திலேயே காவிரிக்கரைக்கு அனுப்பியிருக்கலாம். சேக்கிழார் இரண்டுக்கும் இடம் தரவில்லை. குளத்திலிருந்து கரையேறியவர் கயிலைக் காட்சியைக் கண்டது, பிடியோடு வந்த களிற்றிலும் பெடையோடு வந்த சேவலிலும்.