வசனத்தைச் சொன்னவர் யார்?

உடன்குடி பஜாரில் கிறிஸ்தவர்கள் நடத்தும் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே அடிக்கடி கண்ணில் படும் வசனம் ஒன்று உண்டு. தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்பது அதன் பொருள். மெஞ்ஞானபுரம், கிறிஸ்டியாநகரம், நாசரேத், முதலூர் என்று தேரிக்காட்டைச் சுற்றியுள்ள சபை ஊர்களிலும் அது இருக்கிறது. புதுவீட்டுப் பிரதிஷ்டை அழைப்பிதழிலும் லோடு ஆட்டோவின் முகப்பிலும் அதைப் படித்திருக்கிறேன். கீழே சிறிய எழுத்தில் யோபு 8:7 என்று போட்டிருக்கும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கி, அதைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய், காசு காசாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மக்கள் இவர்கள். அந்த வசனம் தங்களுக்கென்றே எழுதப்பட்டது என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எட்டாம் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள். அதைச் சொல்பவர் கடவுள் இல்லை. யோபுவும் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவரான சூகியனாகிய பில்தாத் அதைச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, உடல் முழுக்கப் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பன். அந்தத் தகப்பனிடம் பில்தாத் நாலாம் வசனத்தில் சொல்வது இதுதான்: உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனைக் கடவுள் கொடுத்துவிட்டார். ஆறாம் வசனத்தில் ஒரு நிபந்தனையும் வைக்கிறார். நீ சுத்தமும் செம்மையும் உள்ளவனாக இருந்தால்தான் உனக்கு விடிவு. அதையடுத்து வருவதே நாம் சுவரில் மாட்டியிருக்கும் வசனம். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், 42:7இல், கடவுளே நண்பர்களில் இன்னொருவரான எலிப்பாசிடம் பேசி, யோபுவைப்போல நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைக் குறித்து நிதானமாகப் பேசவில்லை என்று கோபம் கொள்கிறார். அந்த இரண்டு நண்பர்களில் பில்தாத்தும் ஒருவர்.

சுவரிலிருந்து அந்த வசனத்தைக் கழற்றுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யோபுவின் பின்னாட்கள் முன்னாட்களைவிட ஆசீர்வாதமாக இருந்தன என்று அந்தப் புத்தகமே முடிவில் சொல்கிறது. நண்பர்கள் பேசியது எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. எலிப்பாசின் வார்த்தை ஒன்றைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வேதவாக்காகவே எடுத்தாளுகிறார். வசனத்தை நம்பிப் பிழைப்பைத் தொடங்கியவரின் நம்பிக்கை பெரிது. அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. என் கவலை வேறு. அந்த வசனத்தோடு சேர்ந்து பில்தாத்தின் போதனையும் நம்மிடையே குடியேறிவிட்டது. நல்லவர்களுக்கு நல்லது நடக்கும். கெட்டது நடந்தால் எங்கோ ஒரு பாவமோ சாபமோ இருக்கிறது. இதுதான் வேதம் சொல்லும் பாடம் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம்.

இந்த நம்பிக்கை வெளிப்படும் இடம் துட்டி வீடு, அதாவது சாவு நிகழ்ந்த வீடு. உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருப்பட்டிக்காகப் பருவகாலத்தில் தினமும் காலையும் மாலையும் மரம் ஏறுகிற பனையேறிக்கு, ஓலை வழுக்கினாலும் உயிர், மட்டை முறிந்தாலும் உயிர். விழுந்து இறந்தவர்களும், இடுப்பொடிந்து படுக்கையில் கிடப்பவர்களும் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். முன்னோர்கள் வேறு தெய்வங்களை வணங்கியதன் சாபம் தொடர்கிறது, அதை முறிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதைச் சொல்கிறார். ஆனால் அந்தக் கேள்வி விழுந்தபிறகு, கணவனை இழந்த பெண் துக்கத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறாள். தான் எப்போதோ தவறவிட்ட ஓய்வுநாள் ஆராதனையை, கொடுக்காமல் விட்ட காணிக்கையை நினைத்து நினைத்து உருகுகிறாள்.

வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நேர்மையாகப் பார்த்தால், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருக்கின்றன. உபாகமம் 28ஆம் அதிகாரம் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று நீண்ட பட்டியலே தருகிறது. நீதிமொழிகளில் உழைப்பவன் உயர்வான், சோம்பேறி தாழ்வான் என்கிற பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கப்படும் என்பது பத்துக் கட்டளைகளுக்குள்ளேயே இருக்கிறது. இவற்றை இல்லை என்று மறைக்கக் கூடாது. ஒரு சமூகம் நீதியாக வாழ்ந்தால் செழிக்கும், அநியாயத்தில் ஊறினால் அழியும் என்பது உண்மைதான். ஒரு தேசத்துக்கு எச்சரிப்பாகச் சொல்லப்பட்டதை, ஒரு வீட்டுத் திண்ணையில் அழுதுகொண்டிருப்பவரின் மேல் தீர்ப்பாகச் சுமத்தும்போதுதான் பிசகுகிறது.

இந்தப் பிசகை வேதமே கண்டு திருத்துகிறது. பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்றொரு பழமொழி இஸ்ரவேலில் வழங்கியது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள், தங்கள் நிலைக்கு அதையே காரணமாகச் சொல்லி மனம் தளர்ந்திருந்தார்கள். அவர்களிடையே வாழ்ந்த எசேக்கியேல், தன் 18ஆம் அதிகாரம் முழுவதையும் அந்தப் பழமொழியை மறுப்பதற்கென்றே ஒதுக்கினார். இனி அதைச் சொல்லவே கூடாது, குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று தீர்த்துச் சொன்னார். எரேமியாவின் 31ஆம் அதிகாரத்திலும் அந்தப் பழமொழிக்கு அதே கதிதான். பரம்பரைச் சாபத்தைப் பிரசங்கிக்கிறவர் யாத்திராகமம் 20ஐ வாசித்தால், அதே கூட்டத்தில் எசேக்கியேல் 18ஐயும் வாசிக்கக் கடமைப்பட்டவர்.

இயேசுவிடமும் இந்தக் கேள்வி வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, அவருடைய சீஷர்களே. இரண்டும் இல்லை என்று யோவான் 9ஆம் அதிகாரத்தில் அவர் பதில் சொல்கிறார். சொன்னதோடு நிற்காமல் அவன் கண்ணைத் திறக்கிற வேலையில் இறங்குகிறார். லூக்கா 13இல் சீலோவாமின் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். மனந்திரும்பச் சொல்வது உயிரோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களைத்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை நம் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதைத் தேவகோபம் என்று பேசிய குரல்கள் எழுந்தன. சீலோவாம் கோபுரத்தைப் பற்றி இயேசு சொன்னதை அந்த நாட்களில் எல்லா மேடைகளிலும் வாசித்திருக்க வேண்டும்.

யோபுவைக் குறித்த இன்னொரு போதனையும் மறுபடி பார்க்கப்பட வேண்டியது. யோபு என்றாலே பொறுமை என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். உடன்குடியில் நம் இஸ்லாமிய அண்டை வீட்டாரும் அய்யூப் நபியின் பொறுமையைப் போற்றிச் சொல்வார்கள். யாக்கோபு எழுதிய நிருபமும் அதைச் சொல்கிறது. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று யோபு பணிகிற முதல் அதிகாரத்தை நாம் மறப்பதில்லை. ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது அதிகாரங்களில் தன் வழக்கைக் கடவுளிடமே வாதாடுகிறார். ஏன் என்னை விரோதியாக எண்ணுகிறீர் என்று கேட்கிறார். கடைசியில் கடவுள் புயலிலிருந்து பேசி அவருடைய அறிவின் எல்லையைக் காட்டுகிறார், யோபுவும் அடங்குகிறார். இருந்தும், நிதானமாகப் பேசியவன் என்ற சான்று யோபுவுக்கே கிடைக்கிறது. கடவுளின் சார்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்ட நண்பர்கள் பலி செலுத்தி, யோபுவின் ஜெபத்தை வேண்டி நிற்க வேண்டியிருந்தது.

இதை ஆழமாக எடுத்துக்கொண்டால் நம் துட்டி வீடுகள் மாறும். அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க என்று தாயின் வாயை அடைக்க மாட்டோம். ஏன் என்று அவள் கேட்டால் விசுவாசக் குறைவு என்று எண்ண மாட்டோம். கடவுளிடம் ஏன் என்று கேட்பதும் ஜெபம்தான் என்று யோபுவின் புத்தகம் சான்று சொல்கிறது. சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல்கள். புலம்பல் என்ற பெயரிலேயே தனியாக ஒரு புத்தகம் வேதத்தில் இருக்கிறது.

வழக்கமான போதனையை வேதத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து திருநெல்வேலி சபைகளை வளர்த்த மிஷனெரி ரேனியஸ், ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகள் வேதத்துக்கு இசைந்தவையா என்று எழுத்தில் கேட்டார். அதன் விளைவாக 1835இல் அவரை அனுப்பிய சங்கத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு அறுந்தது. அதைவிட நெருக்கமான முன்னோடி நம் பக்கத்து நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்று எல்லோரும் அறிந்தவர். எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர். மிஷனெரிகள் அவருடைய மக்களை நடத்திய விதமும், மிஷனெரி கால்டுவெல் 1849இல் அம்மக்களைப் பற்றி எழுதிய நூலும் உண்டாக்கிய காயம் ஒருபுறம். பழைய ஏற்பாட்டை வரிக்கு வரி வாசித்ததில் எழுந்த கேள்விகள் மறுபுறம். 1857இல் அவர் பிரிந்துபோய்த் தனிச்சபை கண்டார். பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு அது வளர்ந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார்கள். தரையில் அமர்ந்து, விழுந்து வணங்கினார்கள். நற்கருணையில் புளிக்காத திராட்சைச் சாறு. ஐரோப்பிய வழக்கம் வேறு, வேதம் வேறு என்று ஒரு தமிழ் உபதேசியார் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிரூபித்துக் காட்டிய துணிவு அது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அதே வரலாறு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. கூர்ந்து வாசித்த அந்தச் சபை, லேவியராகமத்தின் தீட்டு விதிகளையும் எடுத்துக்கொண்டது. மாதவிலக்கான பெண்கள் மறுபடி விலகி இருக்க வேண்டியதாயிற்று. பெரும்பாடுள்ள பெண் கூட்டத்தில் தன் வஸ்திரத்தைத் தொட்டபோது, இயேசு அவளைத் தள்ளாமல் மகளே என்று அழைத்த சம்பவமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. ஆகவே எழுத்தை உன்னிப்பாகப் பார்த்தால் மட்டும் போதாது. சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எந்த நிலையில் சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். அதன்பின் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இந்த விளக்கம் நொந்துபோனவரின் தலையில் பாரத்தை ஏற்றுகிறதா, இறக்குகிறதா? சுமக்கக் கடினமான பாரங்களைக் கட்டி மனுஷர் தோளில் வைக்கிறார்கள் என்று வேதபாரகரைக் கடிந்துகொண்டவர் இயேசு. அவர் பெயரால் வாசிக்கிற நமக்கு அந்தச் சோதனை பொருந்தும்.

சாதாரண விசுவாசிக்கு இதெல்லாம் எதற்கு, குழப்பம்தானே மிஞ்சும் என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். வாழ்க்கை முழுவதும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறியவரிடம், அது பில்தாத் சொன்னது என்று சொல்லி அவர் மனதை நோகடிப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. ஆனால் குழப்பம் ஏற்கெனவே வந்துவிட்டது. நேர்மையாக வாழ்ந்தவர் மரத்திலிருந்து விழுகிறார், ஜெபித்துக்கொண்டே இருந்த தாய்க்குப் புற்றுநோய் வருகிறது. நல்லவர்களுக்கு நல்லது மட்டுமே நடக்கும் என்று கற்ற இளைஞன், அதைப் பார்த்ததும் கடவுளே இல்லை என்று போய்விடுகிறான். அவன் கைவிட்டது பில்தாத்தின் கடவுளை. யோபுவின் கடவுளை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

பில்தாத்தும் நண்பர்களும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். வந்தவுடன் யோபுவோடு ஏழு நாள் ராத்திரிபகல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய துக்கம் கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம் இதைச் சொல்கிறது. வாய்திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் வழி தவறினார்கள். நம் சேகரங்களில் வாலிபர் கூடுகையும் பெண்கள் ஐக்கியமும் வாராவாரம் நடக்கின்றன. அவற்றில் ஒரு வருடம் யோபுவின் நாற்பத்திரண்டு அதிகாரங்களையும் ஒன்றுவிடாமல் சேர்ந்து வாசிக்கலாம். உபதேசியாரும் பனையேறியும் ஆசிரியையும் கணவனை இழந்தவளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முதலில் பேசுகிற உரிமை அதிகம் இழந்தவருக்கு இருக்க வேண்டும். முழு அதிகாரத்தையும் வாசிக்கப் பயப்படாத விசுவாசமே, துன்பப்படுகிறவரைக் குற்றம்சாட்டாமல் அவர் பக்கம் நிற்கும். அந்த விசுவாசத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் தலைமுறையின் கடமை.