இலவச ரத்தத்தின் விலை

தைராய்டு பரிசோதனைக்கு மருத்துவர் சொன்ன ஆய்வகத்தில் 600 ரூபாய் கொடுத்தேன். அடுத்த முறை நானே தேடிப்போன இடத்தில் 250. அதே ஊசி, அதே கொஞ்சம் ரத்தம். கருவி, தரச்சான்று, வாடகை, வீட்டுக்கு வந்து எடுக்கும் கூலி என்று வித்தியாசத்துக்குக் காரணங்கள் உண்டு. கைமாறும் கமிஷனும் ஒரு காரணம். அதை வாங்கக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள். ரசீதில் அது தெரிவதில்லை.

இந்த அநியாயத்தை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். கொஞ்ச நாளாக அவருக்கு மூச்சு வாங்குகிறது. "நீங்க ஜிஎச்சுக்குப் போங்கக்கா, இலவசம்தானே" என்றேன்.

"இலவசம்தான் டீச்சரம்மா. ரத்தம் குடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள். அந்தக் கூலிய யாரு தருவா?"

மாதக் கடைசியில் அவர் வராத நாள்களைக் கழித்துக்கொண்டு சம்பளம் கொடுப்பது நான்தான். கமிஷனைப் பற்றிப் பேச எனக்கிருந்த கோபம் இந்தக் கணக்கின்மேல் ஒருநாளும் வந்ததில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. வீட்டில் புருஷனின் சர்க்கரைக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் பிறகுதான் பெண்ணின் ரத்தம் வரிசைக்கு வருகிறது. அந்த வரிசையை நீட்டுவதில் படித்த பெண்ணான எனக்கும் பங்கிருக்கிறது.

சம்பளம் பிடிக்காமல் இரண்டு நாள் அனுப்பினேன். 12 இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. இது தாராளம் அல்ல; பழைய பாக்கி.